ஆளைச் சேர்த்த பிறகு கப்பலைத் தேடுங்கள்

"கப்பல்ல ஒரு தடவையாவது போயிடணும். எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை."

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். கரமனையில் கேட்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் காய் வாங்கும்போது கேட்கிறார்கள். எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் கப்பல் பயணத்தின் மேல் இருக்கும் பிரியம் அக்கம்பக்கம் அறிந்தது. ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இன்றைக்கு முழுசாக எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். கப்பலைத் தேடுவதற்கு முன்னால் கூட வரப்போகும் ஆளைத் தேடுங்கள்.

கூட்டம் எதற்கு?

முதல் காரணம் பணம். உல்லாசக் கப்பல்களில் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றிருக்கும், அதுவும் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாகப் போகிறவர் காலிக் கட்டிலுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேர்கிறவருக்குப் பெரும்பாலும் கட்டணம் குறையும். பல அறைகளை ஒன்றாக எடுத்தால் பல கம்பெனிகள் குழுக் கட்டணம் தருகின்றன. தனியாக வாழும் இரண்டு பெண்கள் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் இருவருக்குமே கைக்கெட்டும் பயணமாகிவிடும். எங்கள் கூட்டத்தில் இப்படித்தான் பல பேர் கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் நேரம். ரயிலில் ஊர் மாறிக்கொண்டே இருக்கும். நடுக்கடலில் விடிகிற நாளில் நான்கு பக்கமும் தண்ணீர்தான். மேல்தளத்தில் உட்கார்ந்து பேச ஆளிருந்தால் அந்த நாள் போதாது. இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் அலுத்துவிடும்.

மூன்றாவது காரணம் விவரம். கப்பல் எந்த மாதம் எந்தத் துறையிலிருந்து கிளம்பும், விசா என்ன, அனுமதிச் சீட்டு என்ன, எதற்குத் தனிக் காசு என்பதெல்லாம் சீசனுக்குச் சீசன் மாறுகிறது. ஒருவர் தலையில் சுமக்க முடியாத இந்த வேலையைப் பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் திட்டமிடும் மாதங்களும் பயணத்தில் சேர்ந்துவிடும்.

தமிழர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்தளத்தில் படுக்கை விரித்து உட்கார்ந்த குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் அக்கரை சேர்ந்தன. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்துடன் அந்தத் தடமே முடிந்துபோனது. பிழைப்புக்காகப் போனவர்கள் அவர்கள், நாம் விடுமுறைக்குப் போகிறோம். ஆனாலும் கப்பலில் பக்கத்து ஆள்தான் துணை என்பது மாறவில்லை.

கடல் இருக்கிறது, பயணிகள் கப்பல் இல்லை

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. கோவளம் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறி நின்றால் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியும். ஏறிப்போகத்தான் இங்கே கப்பல் இல்லை.

ஒரு காலத்தில் வலியதுறைதான் இந்த ஊரின் துறைமுகம். அங்கிருந்த இரும்புக் கடல்பாலத்தை 1947இல் 'பண்டிட்' என்ற கப்பல் மோதி உடைத்தது. அதற்குப் பதிலாக 1956இல் புதுப் பாலம் வந்தது. கொச்சி பெரிதாக வளர, வலியதுறைக்குக் கப்பல் வருவது நின்றது. 2021 புயலில் பாலம் உள்வாங்கியது, 2024இல் இரண்டாகவே உடைந்தது. மாலை நேரத்தில் அங்கே நடக்கப் போகிற பிள்ளைகளுக்கு, இங்கே சரக்குக் கப்பல்கள் வந்து நின்றதைச் சொன்னால்தான் தெரியும்.

ஆகவே, எங்கள் கப்பல் பயணம் பெரும்பாலும் ரயிலில் தொடங்குகிறது. காலையில் தம்பானூரில் ஏறினால் மத்தியானத்துக்குள் எர்ணாகுளம். அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. கடலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய தீவு அது. 1928இல் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைக்குள் வந்தது. இப்போது அதே தீவில் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 'சாகரிகா' பயணியர் முனையம் இருக்கிறது.

முதல் படி: நெஃபர்டிட்டி

கடலே பார்க்காத கூட்டத்தை எடுத்த எடுப்பில் நான்கு நாள் கப்பலில் ஏற்றாதீர்கள். கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் கொச்சியிலிருந்து 'நெஃபர்டிட்டி' என்ற சிறு கப்பலை நடத்துகிறது. நீளம் 48.5 மீட்டர், ஏறக்குறைய 200 பேர் போகலாம். எகிப்து ராணியின் பெயர் வைத்ததால் உள் அலங்காரமும் எகிப்து பாணியில் இருக்கும். சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்த் திரும்பும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம். கே.எஸ்.ஆர்.டி.சி. 2021இல் தொடங்கிய பட்ஜெட் டூரிசம் பிரிவு பஸ்ஸையும் இந்தக் கப்பலையும் சேர்த்து ஒரே சீட்டாகக் கொடுத்துவருகிறது. டிப்போவில் விசாரித்தால் அடுத்த பயணத் தேதி சொல்வார்கள். நம் ஆனவண்டி பஸ்ஸில் ஏறி, தெரியாத குடும்பங்களோடு பாட்டுப் பாடிக்கொண்டே கொச்சி போய், அதே ஆட்களோடு கப்பல் ஏறுவதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தின் பல நட்புகள் அந்த பஸ்ஸில் பிறந்தவை.

வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம், வைப்பின் கரை, ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக, துறைமுக வாயைத் தாண்டியதும் முதல் அலை வந்து மோதும். யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் கைப்பிடியை விட்டு நகரமாட்டேன் என்கிறார்கள் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரிய பயணத்துக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

இரண்டாவது படி: லட்சத்தீவு

என்னைக் கேட்டால் இந்தியாவின் மிக அழகான கடல் பயணம் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போவதுதான். 36 தீவுகள், அதில் மக்கள் வாழ்வது பத்தில். கல்பேனி கொச்சியிலிருந்து 287 கிலோமீட்டர், மினிக்காய் 398, கவரத்தி 404. தீவு நிர்வாகத்தின் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சுற்றுலா அமைப்பு 'சமுத்திரம்' என்ற பெயரில் நடத்திவந்த பயணம் எங்களுக்கு மிகவும் பிடித்த மாதிரி. இரவு கப்பலில் தூக்கம், பகலில் ஒரு தீவு. கப்பலும் நாட்களும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தந்த சீசனில் நேரடியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இது சொகுசுக் கப்பல் பயணம் இல்லை. கொச்சியில் வைத்தியம் முடித்து ஊர் திரும்புகிற தீவுக்காரர்களும், படிக்க வந்த பிள்ளைகளும் கூடவே வருவார்கள். மினிக்காயைத் தவிர மற்ற தீவுகளில் மலையாளத்தின் ஒரு கிளை பேசுகிறார்கள். திருவனந்தபுரத்துத் தமிழருக்குப் பேச்சுக் கொடுப்பதில் கஷ்டமே இல்லை. மினிக்காயில் மஹல் மொழி, மாலத்தீவின் திவேஹிக்கு நெருங்கிய உறவு. அந்தத் தீவின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் மாலுமிகள். 1885இல் எழுந்த அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் மேல் நின்று பார்த்தால், நீலத்தில் இத்தனை வகையா என்று வாயடைத்துப் போகும்.

திட்டமிடும்போது இரண்டு விஷயம். லட்சத்தீவுக்குள் நுழைய நம் எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். கூட்டமாகப் போகும்போது ஒருவர் தாளில் குறை இருந்தாலும் அவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். எல்லோருடைய தாள்களையும் ஒரே ஆள் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, பல தீவுகளில் பெரிய கப்பல் கரை வரை வராது. நடுவில் நிற்கும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு இறங்கி மாற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது படி: பெரிய கப்பல்

அடுத்தது கார்டிலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்'. 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கிய 48,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல். 2021 செப்டம்பரிலிருந்து மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளுக்கும் போனது.

ஜூனில் அது ஏன் சென்னைக்கு வந்தது? தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அப்போது மேற்குக் கரையை விட்டு வங்காள விரிகுடாப் பக்கம் போவதுதான் புத்தி. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் தேதி குறிப்பது சுலபம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கொச்சி, மழைக்காலத்தில் போகத்தான் வேண்டுமென்றால் சென்னை.

காங்கேசன்துறைக்குப் போக இன்னொரு வழியும் பிறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற 150 பேர் போகும் கப்பலோடு மீண்டும் ஆரம்பித்தது. நான்கு மணி நேரம்தான். உல்லாசக் கப்பல் இல்லையென்றாலும், அறுந்துபோன ஒரு கடல் வழி திரும்ப முடிச்சுப்போடப்பட்டதில் நம் எல்லோருக்கும் மகிழ்ச்சி இருக்க வேண்டும்.

வெளிநாடு என்றால் சிங்கப்பூர். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுப் பயணங்கள் உண்டு. இதில் ஒரு கவனம்: கப்பல் கிளம்பினால் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். ஆகவே பல முறை நுழையும் விசாதான் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

எங்கள் கூட்டம் திட்டம் போடும் விதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் இருக்கிறார். ரத்து விதிகளையும் பொடி எழுத்து நிபந்தனைகளையும் உரக்கப் படித்து விளக்குவது அவர் பொறுப்பு. வங்கியில் இருந்த அண்ணன் கணக்கு. நர்ஸாக வேலை பார்க்கும் சேச்சி மருந்துப் பெட்டி. டெக்னோபார்க் தம்பி கட்டணம் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சொல்வான். ரயில் டிக்கெட் என் வேலை.

முதலில் செய்வது பட்ஜெட். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைத் துண்டுத் தாளில் பெயரில்லாமல் எழுதிப் போடும். அதில் மிகக் குறைந்த தொகைக்குள் அடங்கும் பயணத்தைத்தான் தேர்ந்தெடுப்போம். அதிகம் செலவழிக்க முடிந்தவர்கள் பால்கனி அறை எடுத்துக்கொள்ளட்டும். கப்பலும் தேதியும் எல்லோருக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும். இந்த ஒரு வழக்கத்தால் பணக்கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு விலகிப்போகிறவர்கள் எங்களிடம் இல்லை.

விளம்பரத்தில் பார்க்கும் தொகை முழுத் தொகை ஆகாது. துறைமுகக் கட்டணம், வரி, பல வெளிநாட்டுக் கப்பல்களில் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சேர்க்கும் சேவைப் பணம், கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு, வைஃபை, குளிர்பானம் எல்லாம் தனி. சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடக்கம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். பயணக் காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள்.

அறை எடுக்கும்போது ஞாபகம் வைக்க வேண்டியது: கப்பல் ஒரு சீசா பலகை மாதிரி. முனைகள் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது. தலைசுற்றல் பயம் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில், நடுவில் உள்ள அறையே நல்லது, அதுதான் பெரும்பாலும் விலையும் குறைவு. காது உணரும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. மேல்தளத்துக்கு வந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை என்றால் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு, அலை தொடங்குமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

சில சில்லறை விஷயங்கள். ஏறிய அன்று பெட்டி அறைக்கு வரத் தாமதமாகலாம், அன்றைய மருந்தையும் மாற்றுத் துணியையும் கைப்பையில் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், தீ பயத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். கரை மறைந்ததும் போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்தால் பில் எகிறிவிடும். கரையிறங்கினால் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்புங்கள், தனியாகச் சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

பாதுகாப்புப் பயிற்சியைத் தயவுசெய்து ஒப்புக்குச் செய்யாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்கள் பலர் பயிற்சியே எடுத்திருக்கவில்லை. அதற்குப் பின்தான், கப்பல் கிளம்புமுன்போ கிளம்பியதுமோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. நம் பக்கத்திலேயே 2025 மே மாதம், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்எஸ்சி எல்சா 3' சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். உயிர்காப்பு உடையைக் கட்டவும், கூடுமிடத்துக்குப் படி வழியாகப் போகவும் எங்கள் கூட்டத்தின் சின்னப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பலில் எல்லோரும் எல்லா நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை, அவ்வளவுதான். நீச்சல் குளத்தில் இருப்பவர் இருக்கட்டும், கைப்பிடியைப் பிடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பவரும் இருக்கட்டும். சாப்பாட்டு மேசையில் ஒருவர் பார்த்த டால்பின் எல்லோருக்கும் சொந்தமாகிவிடும்.

திரும்பிவந்த பிறகு ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அறை எண், சத்தம் கேட்டதா, எந்த வேளைச் சாப்பாடு நன்றாக இருந்தது, எதிர்பாராமல் எதற்குப் பணம் போனது, வயதானவர்களுக்கு எங்கே சிரமம். போட்டோவைவிட இந்தத் தாள்கள்தான் மதிப்பு. அடுத்து போகிறவர்கள் முதலில் கேட்டு வாங்குவது அவற்றைத்தான்.

விழிஞ்ஞம்

இத்தனையும் கொச்சிக்குப் போய்ச் செய்கிறோம். நகரத்திலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் விழிஞ்ஞம் இருக்கிறது. ஆய் மன்னர்களின் துறை அது. கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் குறிக்கிறது. இயற்கையிலேயே 20 மீட்டர் அளவுக்கு ஆழம், சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து பத்து கடல் மைல்தான். 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' முதல் தாய்க்கப்பலாக வந்தது. 2025 மே 2இல் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே, உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான 'எம்எஸ்சி ஐரினா' அங்கே வந்து நின்றது. 400 மீட்டர் நீளக் கப்பலுக்கு இடம் இருக்கிற துறையில் பயணிகள் கப்பல் நிற்க முடியாதா?

பயணக் கப்பலுக்கான தளம் விழிஞ்ஞம் திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே பேசப்பட்டு வருகிறது. கொழும்பும் மாலேயும் கொச்சியிலிருந்து போவதைவிட இங்கிருந்து கிட்டம். விமான நிலையம் பக்கத்திலேயே. கோவிட் காலத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் விழிஞ்ஞத்துக்கு வெளியே நின்று மாலுமிகளை மாற்றிக்கொண்டு போயின. ஆளை ஏற்றி இறக்கும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. தென்குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வருகிற தமிழர்களுக்கும் இதுவே மிகப் பக்கத்துத் துறையாக இருக்கும். அந்தத் தளம் விரைவில் வர வேண்டும், கட்டணம் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்ட வேண்டும். அந்தக் கரையில் தலைமுறையாக மீன்பிடித்து வாழ்கிறவர்களின் பிழைப்பும் இடமும் பாதிக்கப்படாமல் வர வேண்டும். மூன்றையும் சேர்த்தே கேட்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். மழை விட்டு அக்டோபர் பிறந்ததும் தெரிந்த நான்கு குடும்பங்களைக் கூப்பிடுங்கள், ஒரு நாள் நெஃபர்டிட்டியில் போய்வாருங்கள். திரும்பிவந்து ஒரு பக்கம் எழுதி, அடுத்து போகப்போகிறவர் கையில் கொடுங்கள். உங்கள் கூட்டம் அங்கே தொடங்கிவிடும்.